கடைசி நிறுத்தத்து நீர்நாய்கள்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணா,

நீயும் அண்ணியும் சுகமா இருப்பீங்கன்னு நம்பித்தான் எழுதுறேன். இங்க நானும் அம்மாவும் நல்லா இருக்கோம். அம்மாவோட முட்டி மட்டும் நல்லா இல்ல.

போன் இருக்கிறப்ப கடிதம் எதுக்குன்னு கேப்ப. போன்ல நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள "சரி, வை"ன்னு சொல்லிடுற. கடிதத்த அப்படி வைக்க முடியாது. பிரிச்சா படிச்சுத்தான் ஆகணும்.

என் பஸ்ஸோட கடைசி நிறுத்தம் உனக்கு ஞாபகம் இருக்கும். ஊரெல்லாம் முடிஞ்சு, பழைய ஐஸ் ஃபேக்டரியும் தாண்டி, சதுப்பு நிலம் ஆரம்பிக்கிற இடம். அங்க வண்டியைத் திருப்பிட்டுக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்போம். மத்த டிரைவருங்க ஸ்டியரிங்ல சாஞ்சு தூங்குவாங்க. நான் படியில உக்காந்து டீ குடிப்பேன். அப்ப நாணலுக்குள்ளேர்ந்து ஒரு நீர்நாய்க் குடும்பம் வருது அண்ணா. பெரிசு மீனைக் கொண்டாந்து கரையில போட்டதும் குட்டிங்க அதுக்குப் போடுற சண்டையைப் பாக்கணுமே! நீயும் நானும் சின்ன வயசுல போட்டதெல்லாம் சண்டையே இல்ல.

இப்ப அங்க ஒரு போர்டு நட்டிருக்காங்க. சரக்குக் கிடங்கு வருதாம். மொத்தச் சதுப்பையும் மண்ணடிச்சு மூடி, லாரி நிறுத்தப் போறாங்களாம். அது யாரோட அப்பன் வீட்டுச் சொத்தும் இல்ல, பொது நிலம். எங்கிட்ட யாரும் கேக்கல. உங்கிட்ட கேட்டாங்களா?

நில அலுவலகத்துக்குப் போனேன். வனத்துறைக்குப் போன்னாங்க. அங்க "மரமே இல்லையேம்மா, அது எப்படி வனம்?"னாங்க. மீன்துறைக்குப் போனா "நீர்நாய் மீன் இல்லையே"ன்னாங்க. திரும்ப நில அலுவலகம் வந்தா சாப்பாட்டு நேரம்னு கதவைச் சாத்திட்டாங்க.

நீ நிலம் அளக்கிறவன். உனக்குத் தெரியும். பொது நிலத்தை இப்படித் தூக்கிக் கொடுக்க முடியுமா? பதில் போடு. அண்ணியை ரொம்பக் கேட்டதா சொல்லு.

உன் தங்கச்சி


பிப்ரவரி 26

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். அண்ணிக்குச் சளி, இப்போது பரவாயில்லை.

இரண்டு தடவை படித்தேன். அம்மாவின் முட்டிக்கு ஒரு வரி, நீர்நாய்க்கு ஒரு பக்கம். டாக்டரிடம் கூட்டிப் போனாயா இல்லையா? அது எங்கேயும் இல்லை.

உன் வேலை பஸ் ஓட்டுவது. நீ அரசுப் போக்குவரத்து ஊழியர். அரசு எடுத்த முடிவை எதிர்த்து மனு எழுதிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறினால், நாளைக்கு உன்னை வண்டியை விட்டு இறக்கிவிடுவார்கள். ஓட்டுநர் உரிமம் வாங்க நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். பெண் பிள்ளை பஸ் ஓட்டுவதா என்று சொந்தக்காரர்கள் எல்லாம் வாயைக் கோணியபோது உன் பக்கம் நின்றவன் நான். அதை ஒரு தண்ணீர்ப் பிராணிக்காகத் தொலைக்காதே. அதற்கு நீந்தத் தெரியும். வேறு இடத்துக்குப் போய்விடும்.

கேட்டதற்குப் பதில்: கொடுக்கலாம். ஆனால் அதற்கு முன் ஊர் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். அந்தக் கூட்டம் நடக்காமல் ஒரு கூடை மண்ணைக்கூடக் கொட்டக் கூடாது. இதை நான் சொன்னதாக யாரிடமும் சொல்லாதே.

அம்மாவைப் படி ஏற விடாதே. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்


மார்ச் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணியோட சளி போச்சா? அம்மாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். எடையைக் குறைக்கச் சொன்னாரு. அவரைப் பத்தி அம்மா சொன்னதை எழுத முடியாது.

நீ சொன்னதை யாருக்கும் சொல்லல. நானே கண்டுபிடிச்சதா எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இப்ப நாங்க ஒரு குழு. கறிக்கடைக்காரர், பல் டாக்டர், நான். கறிக்கடைக்காரருக்குக் காலையில கடை திறக்கிறதுக்கு முன்னாடி அந்தக் கரையில நடந்தாத்தான் பொழுது விடியும். பல் டாக்டர் லீவு நாள்ல கேமராவோட நாணலுக்குள்ள கிடக்கிற ஆளு. ரெண்டு பேரும் நல்லவங்க, ஆனா ஒரே அறையில வைக்கக் கூடாது. போன கூட்டத்துல பேனர் பச்சையா நீலமான்னு பேசிப் பேசியே எனக்கு ஷிஃப்ட் நேரம் வந்துடுச்சு. கடைசியில வெள்ளைன்னு முடிவாச்சு. ரெண்டு பேருக்கும் கோபம்.

பஸ்ல ஏறுறவங்ககிட்ட கையெழுத்து வாங்க ஆரம்பிச்சேன். ஜனங்க சந்தோஷமா போடுறாங்க, ஆனா பேனா கிடைக்காம வண்டி லேட்டாகுது. டிப்போ மேனேஜர் கூப்பிட்டாரு. "நீ வண்டி ஓட்ட வந்தியா, ஊரைத் திருத்த வந்தியா?"ன்னாரு. "வண்டிதான் சார் ஓட்டுறேன், போற வழியில திருத்துறேன்"னேன். சொல்லியிருக்கக் கூடாது. வாயிலேர்ந்து வந்துடுச்சு.

அம்மா மடக்கு நாற்காலியைத் தூக்கிட்டு கூட்டத்துக்கெல்லாம் வர்றாங்க. முட்டி வலி அப்ப மட்டும் இல்ல.

உடனே பதில் போடு. நீயும் அண்ணியும் நல்லா இருக்கணும்.

தங்கச்சி


ஏப்ரல் 24

அன்புத் தங்கைக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். வெளியூர் வேலை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, வெயில்தான் கொளுத்துகிறது.

எழுத நேரமில்லை. இரண்டே விஷயம். மேனேஜரிடம் வாயை அடக்கு. இரண்டாவது, சதுப்பின் கிழக்குப் பக்கம் இருக்கும் மரப்பாலத்தில் ஏறாதே. பலகை எல்லாம் உளுத்துப்போயிருக்கிறது. அம்மாவை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டே போகாதே.

நான் ஒரே இடத்தில் தங்குவதில்லை, வீட்டு முகவரிக்கே எழுது. அண்ணி அனுப்பி வைப்பாள். அம்மாவுக்கு என் அன்பு.

அண்ணன்


மே 5

அன்புள்ள அண்ணா,

வெயில்ல அலையாத, தொப்பி போட்டுக்கோ. நாங்க சுகம்.

மரப்பாலம் உளுத்துப்போனது உனக்கு எப்படித் தெரியும்? நான் எழுதவே இல்லையே. பல் டாக்டர் எடுத்த போட்டோ பேப்பர்ல வந்துச்சு, அதுல பாத்திருப்ப போல.

எரிச்சல்ல இருக்கேன், பொறுத்துக்கோ. மேனேஜர் என்னை வண்டியை விட்டு இறக்கிட்டாரு. "தற்காலிகம்"னாரு. தொலைஞ்ச சாமான் அறையில உக்கார வச்சிருக்காரு. ஜனங்க பஸ்ல விட்டுட்டுப் போனதுக்கெல்லாம் இப்ப நான்தான் காவல். எத்தனை குடை அண்ணா! மழை வந்தா இந்த ஊர்ல எல்லாரும் நனைஞ்சுதான் போகணும். ஒரு பல்செட்டும் இருக்கு. பல் டாக்டர் வந்து பாத்துட்டு, தன் வேலை இல்லைன்னு நிம்மதியா போனாரு.

அதைவிடக் கொடுமை, சதுப்புக்குள்ள அளவு போட்டு முளைக்குச்சி அடிச்சிருக்காங்க. தலையில சிவப்புப் பெயின்ட், பக்கத்துல நம்பர். இன்னும் கூட்டமே நடக்கல! காலையில நாங்க மூணு பேரும் இறங்கி எல்லாத்தையும் பிடுங்கிட்டோம். கறிக்கடைக்காரர் ஒரே இழுப்புல ரெண்டு பிடுங்குவாரு. குச்சியெல்லாம் நம்ம வீட்டுக் கொல்லையில கிடக்கு. அவரைக்கொடிக்கு ஊணலாம்னு அம்மா பாத்து வச்சிருக்காங்க.

தப்புன்னு சொல்லுவ. சொல்லு. அண்ணியைக் கேட்டேன்னு சொல்லு.

தங்கச்சி


ஜூன் 2

அண்ணா,

நல்லா இருக்கியா? இருப்ப.

நீ பதில் போடல. நானே எழுதுறேன்.

நேத்து அம்மா அவரைக்குக் குச்சி ஊண உக்காந்தாங்க. ஒரு குச்சியை எடுத்து நம்பரைப் பாத்தாங்க. துடைச்சுட்டுத் திரும்பப் பாத்தாங்க. இன்னொண்ணை எடுத்தாங்க. "ஏழுக்குக் குறுக்க கோடு போடுறவன் நம்ம வீட்டுல ஒருத்தன்தானே"ன்னாங்க. நான் ஓடிப்போய்ப் பாத்தேன். ஏழு மட்டும் இல்ல, நாலும் உன் நாலுதான், மேல வாயைப் பொளந்துக்கிட்டு.

அம்மா திட்டுவாங்கன்னு நெனச்சேன். திட்டல. "அப்ப இந்த ஊர்லதான் எங்கயோ சாப்பிட்டிருக்கான்"னு மட்டும் சொன்னாங்க. அப்புறம் ஒரு குச்சியும் ஊணாம எந்திரிச்சுப் போயிட்டாங்க.

எனக்கு வர்ற கோபத்துக்கு இந்தக் காகிதம் பத்தாது. அளந்ததுக்குக்கூட இல்ல. சொந்த ஊருக்கு வந்து, ஏதோ லாட்ஜ்ல தங்கி, அம்மாவைப் பாக்காம போயிருக்க. நீர்நாய்க்கே வீட்டுக்குப் போகத் தெரியுது.

உடம்பைப் பாத்துக்கோ.


ஜூலை 3

அன்புத் தங்கைக்கு,

அண்ணிக்கும் எனக்கும் சுகக்குறைவு ஒன்றும் இல்லை. அம்மாவின் முட்டிக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். காலையும் மாலையும் தடவவும். சூடாக இருக்கும், கத்துவார்கள், விடாதே.

நீங்கள் பிடுங்கியதை எல்லாம் என் ஆட்கள் திரும்ப முதலிலிருந்து அளந்தார்கள். சேற்றில், அந்த வெயிலில். அதில் ஒருவனுக்குக் காலெல்லாம் புண். உன் குழு அதை யோசித்ததா? நான் அளக்காவிட்டால் இன்னொருவன் அளப்பான். கம்பெனி எங்கே போகச் சொல்கிறதோ அங்கே போகிறவன் நான். பிடித்த இடம், பிடிக்காத இடம் என்று பார்த்தால் இந்தத் தொழிலில் வீட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

வேறு என்ன சொல்ல? மாடியில் துணி காயப்போடும் கம்பி ஒரு பக்கமாகத் தொங்குகிறது. அம்மா எட்டி எட்டிப் போட வேண்டியிருக்கிறது. ஆணியை மாற்றி இழுத்துக் கட்டு.

மழை வருமுன் ஓட்டையும் பார்த்துவிடு. உடல்நலம் பேணவும்.

அண்ணன்


ஜூலை 11

என் மகனுக்கு அம்மா எழுதுறது.

நான் நல்லா இருக்கேன். நீ அனுப்புன தைலம் எரியுது. உன் தங்கச்சிக்கு இதை நான் எழுதுறது தெரியாது. அவ குடைங்களோட உக்காந்திருக்கா.

கம்பி தொங்குறதைப் பாத்தியே, அதைப் பாக்கணும்னா எதிர்க் கடை வாசல்ல நிக்கணும். அங்க நின்னு மாடியைப் பாத்தவனுக்கு, கீழ கதவு திறந்து கிடந்தது தெரியலையா? நான் துணி காயப்போட்டுட்டு இறங்கி வர்ற வரைக்கும் நிக்க முடியலையா?

அந்த நிலத்தை அளந்ததுக்கு உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டேன். உன் தொழில் உனக்கு. அவ செய்யறதும் எனக்கு முழுசாப் புரியுதுன்னு சொல்ல மாட்டேன். அந்த மூணு பேரும் பேசுறதைக் கேட்டா எனக்குத் தலை வலிக்குது. ஆனா ஒரு நாள் என்னைக் கூட்டிப் போய்க் காட்டினா. குட்டி ஒண்ணு மல்லாக்கப் படுத்து, ஒரு கல்லை ரெண்டு கையிலயும் மாத்தி மாத்திப் போட்டு விளையாடுது. நான் போட்ட சத்தத்துல ஓடிப்போச்சு. அதுக்கு அவ என்னைத் திட்டினா.

கருத்துக் கேக்குற கூட்டம் ஆகஸ்ட்ல பள்ளிக்கூட ஹால்ல நடக்குதாம். நீ எந்தப் பக்கம் உக்காருவியோ தெரியாது. எந்தப் பக்கம் உக்காந்தாலும் முடிஞ்சதும் வீட்டுக்கு வந்து சாப்பிடணும். வேற ஒண்ணும் கேக்கல.

மருமகளை விசாரிச்சேன்னு சொல்லு. அவளாவது போன் பண்றா.

அம்மா


ஆகஸ்ட் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

பத்திரமா ஊர் போய்ச் சேந்தியா? இதைக்கூடக் கடிதத்துல கேக்க வேண்டியிருக்கு. போன் பண்ணிப் பண்ணி விரல் தேஞ்சுபோச்சு.

நீ அங்கதான் இருந்த, ஆனாலும் எழுதுறேன். இல்லன்னா வெடிச்சுடுவேன்.

நீ இஸ்திரி போட்ட சட்டையில கிடங்குக் கம்பெனிக்காரங்களோட முன் வரிசையில உக்காந்திருந்த. எங்க பக்கம் ஒரே கேவலம். பல் டாக்டரோட படம் திரையில தலைகீழா வந்துச்சு. கறிக்கடைக்காரர் மைக்கைத் தூக்கி எறிஞ்சுட்டு வெறும் தொண்டையில கத்தினாரு. நான் எழுதி மனப்பாடம் பண்ணினது மேடையில ஏறினதும் மறந்துபோச்சு. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "நான் பஸ் டிரைவர். கொண்டுபோய் விட்டவங்களைத் திரும்ப ஏத்திட்டு வர்றது என் வேலை. அங்க மண்ணைக் கொட்டிட்டா, அந்த இடத்துல இருக்கிற எதையும் என்னால திரும்ப ஏத்திட்டு வர முடியாது." அதுக்கு மேல வரல. இறங்கிட்டேன்.

அப்புறம் உன் பக்கத்துல டை கட்டி உக்காந்திருந்த கம்பெனிக்காரரு எழுந்தாரு. "அது வறண்ட தரிசு நிலம், தண்ணி கிடையாது, விலங்கு கிடையாது, எங்க சர்வேயரையே கேளுங்க"ன்னாரு. கூட்டத்தை நடத்தின அதிகாரி உன்னைக் கூப்பிட்டாரு. அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"தண்ணி இருந்துதா?"

"இருந்துச்சு. முட்டிக்கு மேல."

"மழைக் காலத்துலயா?"

"ஏப்ரல் வெயில்ல."

டை கட்டினவரு உன் சட்டையைப் பிடிச்சு இழுத்ததை நான் பாத்தேன். நீ திரும்பல.

"விலங்கு ஏதாவது பாத்தீங்களா?"

நீ ஒரு பெருமூச்சு விட்டியே அண்ணா! சின்ன வயசுல கணக்கு நோட்டை நான் கிழிச்சப்ப விட்ட அதே பெருமூச்சு. "ஐயா, என் அளவு டேப்பை ஒரு நீர்நாய்க் குட்டி இழுத்துட்டுப் போயிடுச்சு. அதைத் திரும்ப வாங்குறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு. விலங்கு இல்லைன்னு என்னால எப்படிச் சொல்ல முடியும்?"

ஹாலே சிரிச்சுது. அதிகாரியும் சிரிச்சுட்டு எழுதிக்கிட்டாரு. நான் கூட்டத்தைத் தள்ளிட்டு வர்றதுக்குள்ள நீ பின் கதவு வழியா போயிட்ட.

ஏன் போன? அம்மா பக்கத்து நாற்காலியில பையை வச்சு இடம் பிடிச்சு வச்சிருந்தாங்க. வீட்டுல மூணு தட்டு கழுவி வச்சிருந்தாங்க. இப்படியும் ஒரு மனுஷன் உண்டா?

கோபமாத்தான் இருக்கேன். ஆனாலும் நல்லா இரு.

தங்கச்சி


செப்டம்பர் 27

அன்புத் தங்கைக்கு,

சேர்ந்துவிட்டேன். சுகம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் உனக்காகவும் பேசவில்லை, உன் பிராணிகளுக்காகவும் பேசவில்லை. கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னேன். இதை வைத்துப் பேப்பரில் என் பெயரைப் போடாதீர்கள். அந்தப் பல் டாக்டரிடம் சொல்லிவை.

இப்போது பகலிலும் வீட்டில்தான் இருக்கிறேன். அண்ணியின் சமையலறை அலமாரியை உயர வரிசையில் அடுக்கிவைத்தேன். உப்பு எங்கே என்று அவள் கத்தினாள். நேற்று வாசல் கேட்டுக்குப் பெயின்ட் அடித்தேன். போன மாதம் அடித்ததன் மேலேயே.

கூட்டம் முடிந்ததும் வராததற்குக் காரணம் கேட்கிறாய். கம்பெனி வண்டியில் வந்தவன், அதில் திரும்பிப் போக முடியாது என்று ஆகிவிட்டது. ரயிலுக்கு ஓட வேண்டியிருந்தது. அந்த முகத்தோடு அம்மா முன்னால் உட்கார்ந்து சாப்பிட எனக்குத் தெம்பு இல்லை. அவ்வளவுதான். இதற்கு மேல் கேட்காதே.

கம்பியைக் கட்டினாயா?

அண்ணன்


நவம்பர் 25

அன்புள்ள அண்ணா,

அண்ணி போன்ல எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. வேலை போனதைச் சொல்லாம கேட்டுக்குப் பெயின்ட் அடிச்சதை மட்டும் எழுதுற. சரி, நான் எதுவும் கேக்கல. அம்மா சுகம். கம்பியையும் கட்டிட்டேன்.

உத்தரவு வந்துடுச்சு அண்ணா! கிடங்கு கிடையாது. மொத்தச் சதுப்பும் பாதுகாக்கப்பட்ட பொது நிலம். கறிக்கடைக்காரர் கடையிலயே உக்காந்து அழுதாரு. வாங்க வந்தவங்க என்னமோ ஏதோன்னு பயந்துட்டாங்க.

நானும் திரும்ப வண்டியில ஏறிட்டேன். அன்னிக்கே மேனேஜர் கூப்பிட்டாரு. முகமெல்லாம் பல்லு. "உங்க போராட்டம் ஜெயிச்சுதே, சந்தோஷம். இனிமே ஐஸ் ஃபேக்டரிக்கு அந்தப் பக்கம் கனரக வண்டி போகக் கூடாதாம். பஸ் கனரக வண்டிதானே?"ன்னாரு. என் கடைசி நிறுத்தத்தையே தூக்கிட்டாங்க! நான் கத்தி வாங்கின தடை, முதல்ல எனக்கே விழுந்துடுச்சு. இப்ப ஐஸ் ஃபேக்டரி செவுத்தைப் பாத்துக்கிட்டு டீ குடிக்கிறேன். அதுலேர்ந்து எதுவும் வெளிய வரல. மத்த டிரைவருங்க ஏன் தூங்குறாங்கன்னு இப்பப் புரியுது.

அங்க பேர்ப் பலகை வைக்கணுமாம். பச்சையா நீலமான்னு ரெண்டு பேரும் ஆரம்பிச்சுட்டாங்க. நான் எந்திரிச்சு வந்துட்டேன்.

ஒரு விஷயம். எல்லையை அளந்து கல் நடணுமாம். கொஞ்ச நாள் வேலைதான். ஊர் நம்புற சர்வேயர் யாராவது இருக்காங்களான்னு அதிகாரி கேட்டாரு. நாங்க வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி, பின்னாடி நாற்காலியிலேர்ந்து அம்மா, "இருக்கான். ஆனா லாட்ஜ்ல தங்க விட மாட்டேன்"னாங்க. அதிகாரி அதை அப்படியே எழுதிக்கிட்டாரு போல.

கட்டாயப்படுத்தல. வந்தா வா. வரலன்னா நானே அங்க வந்து கூட்டிட்டு வருவேன். அண்ணிக்கு என் அன்பு.

தங்கச்சி


டிசம்பர் 8

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதமும் அதிகாரியின் கடிதமும் ஒரே நாளில் வந்தன. இரண்டில் அவருடையதுதான் மரியாதையாக இருந்தது. நாங்கள் நலம். அண்ணி என் பெட்டியை நான் கேட்பதற்கு முன்பே எடுத்து வைத்துவிட்டாள். என்னை வீட்டை விட்டு அனுப்புவதில் அவளுக்கு இவ்வளவு ஆர்வம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

புதன்கிழமை வருகிறேன். முதலில் வீடு, பிறகுதான் சதுப்பு. அம்மாவிடம் சொல். நிறையச் சமைக்க வேண்டாம் என்றும் சொல். கேட்க மாட்டார்கள், இருந்தாலும் சொல்.

வேலைக்குப் போக ஐஸ் ஃபேக்டரியில் இறங்கி, மீதித் தூரம் கருவிப் பெட்டியைத் தோளில் போட்டு நடக்க வேண்டுமாமே. முன்பெல்லாம் வாசல் வரை பஸ் போனது. எல்லாம் யாரால்? இந்த வயதில், இந்தத் தோளோடு. உன்னை என்ன சொல்லித் திட்டுவது என்றே தெரியவில்லை.

உன் வண்டியிலேயே வருகிறேன். ஓட்டுநரோடு பேசக் கூடாது என்று ஒரு பலகை மாட்டியிருப்பீர்களே, அது இருக்கிறதா? இருந்தால் அதற்கு நேர் கீழே எனக்கு ஓர் இடம் போட்டு வை. இறங்குகிற வரைக்கும் இரண்டு பேரும் நிம்மதியாக வரலாம்.

அண்ணன்